புத்தூர் கட்டுக்கு சான்றிதழ் யார் கொடுப்பது?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி... எந்தப் பக்கம் போனாலும் "புத்தூர் கட்டு" என்று ஒரு போர்டு கண்ணில் படும். அசல் புத்தூர் திருத்தணியைத் தாண்டி ஆந்திராவில் இருக்கிறது. பச்சிலை, முட்டை வெள்ளைக்கரு, மூங்கில் பட்டை வைத்து எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுவது அங்கே பரம்பரைத் தொழில். இங்கே போர்டு வைத்திருப்பவர் அதை எங்கே, யாரிடம் கற்றார்? நமக்குத் தெரியாது.

சட்டம் என்ன சொல்கிறது? சித்த வைத்தியம் பார்க்க ஐந்தரை வருஷ பி.எஸ்.எம்.எஸ். மாதிரி அங்கீகரிக்கப்பட்ட படிப்பும் பதிவும் வேண்டும். கேரள பாரம்பரிய வைத்தியர்கள் வழக்கில் 2018 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் இதையேதான் சொன்னது. ஆனால் போர்டுகள் அப்படியேதான் இருக்கின்றன. ஜனங்களும் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள்.

என் பெரியம்மாவும் போனார். மணிக்கட்டில் போட்ட கட்டு இறுக்கமாகி விரல்கள் வீங்கிவிட்டன. கேட்டால், "மருந்து வேலை செய்யுதும்மா" என்று பதில். ஆஸ்பத்திரியில் கட்டை வெட்டி எடுத்தார்கள். ரத்த ஓட்டம் நின்றிருந்தால் கையே போயிருக்குமாம். யாரிடம் புகார் சொல்வது? அவர் எந்தப் பதிவேட்டிலும் இல்லையே!

அதற்காக எல்லாரையும் பிடித்து உள்ளே போடு என்று சொல்ல மாட்டேன். நம்ம காமர்ஸ் பக்கமே பாருங்கள். கடைக்கு யார் வேண்டுமானாலும் கணக்கு எழுதலாம். ஆனால் கம்பெனி ஆடிட் அறிக்கையில் சி.ஏ.தான் கையெழுத்துப் போட முடியும். இதே மாதிரி எல்லை கட்டிய ஒரு லைசென்ஸ் இவர்களுக்கும் வேண்டும். எக்ஸ்-ரே பார்த்த பிறகு சாதாரண முறிவுக்கு மட்டும் கட்டு. எலும்பு வெளியே தெரிந்தாலோ விரல் மரத்துப்போனாலோ உடனே ஆஸ்பத்திரி. போர்டில் பதிவு எண், புகார் சொல்ல ஒரு இடம்.

இது புதிய யோசனையும் இல்லை. இந்திய தர கவுன்சில் பாரம்பரிய வைத்தியர்களைச் சோதித்து சான்றிதழ் தரும் திட்டம் ஒன்றை ஏற்கெனவே வைத்திருக்கிறது. ஆனால் அது விருப்பப்பட்டவர்களுக்கு மட்டும்; அதை வைத்து வைத்தியம் பார்க்கும் சட்ட உரிமையும் கிடைக்காது. அப்புறம் யார் மெனக்கெட்டுப் போய் வாங்குவார்கள்?

"ஐந்தரை வருஷம் படித்த நாங்கள் எதற்கு?" என்று சித்தா மாணவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். எல்லா நோய்க்கும் மருந்து கொடுக்கும் உரிமை உங்களுக்குத்தான். ஆனால் எல்லை எழுதாத வரைக்கும் போலியும் அசலும் ஒரே போர்டின் கீழ்தான் உட்கார்ந்திருப்பார்கள்.

அதுவரை நாம் செய்யக்கூடியது ஒன்றுதான். கையை நீட்டும் முன், "உங்க பதிவு எண் என்ன?" என்று கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.