புகைக்கொடிக்கு அஞ்சலாமா?

வால்வெள்ளி முளைத்தால் நாடு கெடும், விளைச்சல் பொய்க்கும் என்னும் அச்சம் நம் மக்கள் நெஞ்சில் நெடுங்காலம் ஊறியது. ஆனால், சோணாட்டைப் பாடிய இளங்கோவடிகள், புகைக்கொடியே தோன்றினும் காவிரி பொய்க்காது என்றன்றோ கூறினார்!

அப்புகைக்கொடி எதனால் ஆனது? அதன் ஒளியே விடை கூறும். கதிரவனின் ஒளி பட்டு அதன் வளிகள் ஒளிர்கின்றன. அவ்வொளியை நிறமாலையாக விரித்தால், ஒவ்வொரு வளியும் தனக்குரிய இடத்தில் பட்டை இடும். 1868இல் அகின்சு என்னும் ஆங்கிலேயர், ஆய்வறையில் ஒளிரச் செய்த கரிம வளியோடு ஒப்பிட்டு, வால்வெள்ளியில் கரிமம் உண்டெனக் கண்டார். பச்சைப் பட்டை கரிமத்தின் அடையாளம். ஊதாப் பட்டை, கரிமமும் நம் உழவர் தழைச்சத்து என்றறியும் நைட்டிரசனும் கூடியதன் அடையாளம்.

1910இல் ஆலி வால்வெள்ளியின் வாலினூடே புவி செல்லும் என்றபோது, அதிலுள்ள நச்சு வளிக்கு மேலைநாட்டாரும் நடுங்கினர். அவ்வளி மிக நொய்து, எவரையும் தீண்டவில்லை. அரைகுறை அறிவும் அச்சமே தரும்!

1949இல் வால்வெள்ளி ஒன்றைக் கண்ட மூவருள் ஒருவரான வைணு பாப்பு, பின்னர் நம் சவ்வாது மலைக் காவலூரில் வான்நோக்ககம் அமைத்தார். அங்கு 2.34 மீட்டர் தொலைநோக்கி நிற்கின்றது. தஞ்சைப் பிள்ளைகட்கு இவ்வறிவைத் தமிழில் ஊட்ட என்ன தடை? நிறமாலை, முப்பட்டகம், புகைக்கொடி எனச் சொல் நம்மிடம் உண்டே! வயல் காய்ந்தால் வானத்தைப் பழியாது, மண்ணில் நேரும் முறைகேட்டை ஆராயும் தலைமுறை அவ்வாறே எழும்!