இன்ஷூரன்ஸ் இருக்கே சார்!

காரின் பம்பரில் ஒரு கீறல் விழுந்தால் போதும், ஆலோசனை சொல்ல நாலு பேர் வந்துவிடுவார்கள். "இன்ஷூரன்ஸ் இருக்கே சார், கையிலிருந்து ஏன் போடுறீங்க?" என்பார் ஒர்க்‌ஷாப்பின் சர்வீஸ் அட்வைசர். "வருஷா வருஷம் கட்டுறோம், ஒரு தடவையாவது எடுக்க வேணாமா?" என்பார் மைத்துனர். "கேஷ்லெஸ்தான், கையெழுத்து மட்டும் போடுங்க" என்று ஒரு படிவம் நீட்டப்படும். இந்த மூன்று பேச்சும் தவறு என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

நம் ஊரில் கீறலுக்குப் பஞ்சமில்லை. ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதிச் சந்தைப் பக்கம் காரை எடுத்துப் போய்ப் பாருங்கள். சனி, ஞாயிறுகளில் வாடகை ஸ்கூட்டரில் சுற்றும் வெளியூர்ப் பிள்ளைகள், குறுகலான வீதிகளில் இரண்டு பக்கமும் நிற்கும் வண்டிகள். நீங்கள் வண்டிக்குள்ளேயே இருக்க மாட்டீர்கள். திரும்பி வந்து பார்த்தால் கதவில் ஒரு கோடு. இடித்தவன் போய் அரை மணி நேரம் ஆகியிருக்கும்.

இப்போது பேப்பரும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வருஷம் கிளெய்ம் வாங்காமல் ஓட்டினால் 20 சதவீதம் தள்ளுபடி. இரண்டு வருஷம் என்றால் 25, மூன்றுக்கு 35, நான்குக்கு 45, ஐந்துக்கு 50. அதற்கு மேல் ஏறாது. இதன் பெயர் நோ கிளெய்ம் போனஸ், சுருக்கமாக என்.சி.பி. இது நம் வண்டிச் சேதத்துக்கான ஓன் டேமேஜ் பிரீமியத்தில் மட்டும் கிடைக்கும். தேர்டு பார்ட்டி பிரீமியத்தில் கிடையாது. ஒரே ஒரு கிளெய்ம் வாங்கினால் அடுத்த ரினிவலில் இந்தத் தள்ளுபடி பூஜ்யம். மறுபடி முதல் படியிலிருந்து ஏற வேண்டும்.

உங்கள் ஓன் டேமேஜ் பிரீமியம் தள்ளுபடிக்கு முன் 8,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து வருஷம் சுத்தமாக ஓட்டியவர் 4,000 கட்டுகிறார். கிளெய்ம் வாங்கினால் அடுத்த வருஷம் 8,000. அதற்கடுத்து 6,400, பிறகு 6,000, 5,200, 4,400. ஆறாவது வருஷம்தான் பழைய 4,000க்குத் திரும்புவார். கூடுதலாகக் கட்டியதைக் கூட்டுங்கள்: 4,000, 2,400, 2,000, 1,200, 400. மொத்தம் 10,000. இதன் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சேர்த்தால் 11,800 ரூபாய். வருஷா வருஷம் வண்டியின் மதிப்பு குறைவதால் இந்தத் தொகையும் கொஞ்சம் குறையும். கணக்கின் போக்கு மாறாது. மனதில் வைத்துக்கொள்ள ஒரு சுருக்கு வழி: 50 சதவீதத்தில் இருப்பவர் ஒரு கிளெய்முக்கு, தாம் இப்போது கட்டும் ஓன் டேமேஜ் பிரீமியத்தைப் போல் இரண்டரை மடங்கு இழக்கிறார்.

இனி வரவைப் பாருங்கள். பம்பர் 4,000, பெயின்ட் 2,000, கூலி 1,000, ஆக பில் 7,000. (பில்லின் மேல் வரும் வரியை விட்டுவிடுவோம்.) பம்பர் பிளாஸ்டிக், பிளாஸ்டிக், ரப்பர் சாமான்களுக்குத் தேய்மானம் என்று பாதியைக் கழிப்பார்கள். பெயின்ட் பில்லில் கால் பங்கைப் பொருள் செலவு என்று எடுத்து, அதில் பாதியைக் கழிப்பார்கள். மிச்சம் 4,750. இதிலும் கட்டாயக் கழிவு என்று சின்ன கார்களுக்கு 1,000 ரூபாய் நம் தலையில், 1,500 சி.சி.க்கு மேல் போனால் 2,000. கடைசியில் கம்பெனி தருவது 3,750 ரூபாய். இதற்காக 11,800 ரூபாயைத் தவணையில் திருப்பிக் கட்டப்போகிறோம். அந்தக் காலத்து மீட்டர் வட்டிக்காரன்கூட இப்படிக் கேட்டிருக்க மாட்டான்.

"நான் ஜீரோ டெப் எடுத்திருக்கிறேன்" என்பார் ஒருவர். சரி, அவருக்குத் தேய்மானக் கழிவு இல்லை, 6,000 வரும். அப்போதும் நஷ்டம்தான். அந்த ஜீரோ டெப்புக்குத் தனியாகப் பணம் கட்டியதையும் அவர் மறந்துவிடக் கூடாது. என்.சி.பி.யைக் காப்பாற்றவே தனியாக ஒரு சேர்க்கை விற்கிறார்கள். ஒழுங்காக ஓட்டியதற்குக் கொடுத்த பரிசைக் காப்பாற்ற நம்மிடமே இன்னொரு கட்டணம்.

"கட்டின பணம் வீண்" என்ற வாதத்துக்கு வருகிறேன். வீட்டுக்குப் பூட்டு வாங்குகிறோம். திருடன் வராத வருஷம் பூட்டு வீண் என்று யாரும் சொல்வதில்லை. இன்ஷூரன்ஸ் சீட்டுப் பணம் அல்ல, நம் முறை வந்ததும் எடுத்துக்கொள்ள. நம்மால் தாங்க முடியாத செலவைத் தாங்குவதற்காக அது இருக்கிறது. 7,000 ரூபாய் பென்ஷன்காரருக்கு வலிக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதைத் தவிர்க்க 11,800 கொடுப்பது அந்த வலிக்கு வைத்தியம் ஆகாது.

கேஷ்லெஸ் என்ற சொல்லிலும் ஏமாறாதீர்கள். ஒர்க்‌ஷாப்புக்கு அது நல்ல சொல். கையிலிருந்து பணம் போடுகிறவர் பேரம் பேசுவார், பம்பரை மாற்றாமல் ஒட்டிப் பெயின்ட் அடிக்க முடியுமா என்று கேட்பார், தெரிந்த டிங்கரிங் பட்டறையில் இன்னொரு விலை விசாரிப்பார். கிளெய்ம் என்று வந்துவிட்டால் யாரும் பேரம் பேசுவதில்லை. பழுது பார்க்க வேண்டிய பம்பர் புது பம்பராகிவிடுகிறது. அட்வைசர் தன் வேலையைப் பார்க்கிறார். நம் வேலையை நாம்தான் பார்க்க வேண்டும்.

இவ்வளவும் நம் சாமர்த்தியம் பற்றிய பேச்சு. இதை விடப் பெரிய விஷயம் நியாயம். மேலே சொன்ன ஏணியை மறுபடி பாருங்கள். புது கார் வாங்கி முதல் வருஷமே இடித்துக் கிளெய்ம் வாங்குகிறவர், அதே 8,000 ரூபாய் பிரீமியத்தில், எல்லா வருஷமும் சேர்த்து இழப்பது 4,000. ஐந்து வருஷம் பொறுப்பாக ஓட்டியவர் இழப்பது 10,000. எவ்வளவு காலம் ஜாக்கிரதையாக இருந்தோமோ அவ்வளவு பெரிய அபராதம்! அதுவும் யார் தப்பு என்று யாரும் கேட்பதில்லை. நிறுத்தி வைத்த வண்டியை யாரோ இடித்தாலும் பூஜ்யம், நாமே போய்ச் சுவரில் மோதினாலும் பூஜ்யம். எதிராளியிடமிருந்து வாங்கச் சட்டத்தில் வழி உண்டு, விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். ஒரு பம்பருக்காக எழுபது வயதில் யார் வாய்தாவுக்கு அலைவது?

இப்படித்தான் இருக்க வேண்டும் என்று விதி ஒன்றும் இல்லை. நம் ஊரில் பல குடும்பங்களுக்குப் பிரான்சில் ஒரு தம்பியோ மகளோ இருப்பார்கள், கேட்டுப் பாருங்கள். அங்கே இதை போனுஸ்-மாலுஸ் என்பார்கள். தொடக்கக் குணகம் 1. விபத்தில்லாத ஒவ்வொரு வருஷமும் 5 சதவீதம் குறையும். 13 வருஷத்தில் 0.50க்கு வந்து நிற்கும். நம் தப்பால் விபத்து என்றால் 25 சதவீதம் ஏறும், பாதித் தப்பு என்றால் அதில் பாதி. நம் தப்பு இல்லையென்றால் ஒன்றும் ஏறாது. நிறுத்திய வண்டியை முகம் தெரியாத ஒருவர் இடித்துவிட்டுப் போனாலும் ஏறாது. 0.50இல் மூன்று வருஷம் இருந்தவருக்கு, தம் தப்பால் வரும் முதல் விபத்துகூட மன்னிப்பு. மோசமாக ஓட்டுகிறவருக்கு 3.50 வரை ஏறும் என்பதையும் சொல்ல வேண்டும். அது கண்டிப்பான முறைதான், ஆனால் அடிப்பதற்கு முன் யார் தப்பு என்று பார்க்கிறது. நம் முறை பார்ப்பதே இல்லை. நம் ஏணியிலும் ஒரு கிளெய்முக்கு ஒரு படியோ இரண்டு படியோ இறக்கட்டும். தப்பு இல்லாதவரை இறக்கவே வேண்டாம். இதைக் கேட்க நமக்கு உரிமை உண்டு.

கிளெய்மே வாங்காதீர்கள் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் நம் ஊருக்கு அருகே கரை ஏறியபோது ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அப்படி வண்டி தண்ணீரில் நின்றுவிட்டால் தயங்காமல் வாங்குங்கள், அதற்காகத்தான் கட்டுகிறோம். ஆனால் தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். இன்ஜினுக்கென்று தனிச் சேர்க்கை இல்லாவிட்டால் கம்பெனி கையை விரித்துவிடும். மனிதருக்கு அடிபட்டிருந்தால் கணக்குப் போடும் பேச்சே கூடாது. முதலில் சிகிச்சை, பிறகு போலீசுக்கும் கம்பெனிக்கும் தகவல். நியாயமான கிளெய்மை மறுத்தால், கம்பெனிக்கு எழுதியும் பயன் இல்லாதபோது, சென்னையிலுள்ள இன்ஷூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். புதுச்சேரி நகருக்கும் காரைக்காலுக்கும் அவர்தான். கட்டணம் கிடையாது.

இன்னும் இரண்டு விஷயம். என்.சி.பி. வண்டிக்குச் சொந்தமில்லை, நமக்குச் சொந்தம். பழைய காரை விற்றுப் புதிது வாங்கும்போது அதையும் கூடவே கொண்டுபோகலாம். புது காரின் பிரீமியத்தில் 50 சதவீதம் என்பது பெரிய தொகை. கார் மாற்றும் எண்ணம் உள்ளவர் கீறலுக்குக் கிளெய்ம் வாங்குவது இரட்டிப்பு நஷ்டம். அதேபோல, கிளெய்ம் வாங்கிவிட்டு வேறு கம்பெனிக்கு மாறி அதை மறைக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். பழைய கம்பெனியிடம் விசாரிப்பார்கள். பொய் வெளிப்பட்டால் பெரிய சேதம் வரும் நாளில் ஒன்றும் கிடைக்காது.

ஆகவே படிவம் நீட்டப்பட்டால் பேனாவை எடுக்காதீர்கள். மூன்று எண்களை எழுதித் தரச் சொல்லுங்கள்: மொத்த பில் எவ்வளவு, கழிவெல்லாம் போகக் கம்பெனி தருவது எவ்வளவு, அடுத்த ரினிவலில் என்.சி.பி. போனால் பிரீமியம் எவ்வளவு. மூன்றாவது எண்ணைக் கேட்டதும் பேச்சு எப்படி மாறுகிறது என்று நீங்களே பாருங்கள்.