அமானிதம் காத்தவர் யார்?

அமானிதம் என்னும் சொல்லை நம் இல்லங்களில் சிறு குழந்தையும் அறியும். பயணம் போகிறவர் ஒப்படைத்துச் சென்ற நகையை, தன் வீடு பற்றியெரியும் வேளையிலும் பத்திரப்படுத்தித் திருப்பித் தருவதே அதன் இலக்கணம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களை இந்த உரைகல்லில் உரைத்துப் பார்க்க விழைகிறோம். நிலத்தை விற்றும் வங்கியில் கடன்பட்டும் நம் குடும்பங்கள் அங்கே ஒப்படைப்பது நகையையன்று, பிள்ளைகளை.

2025இன் தொடக்கத்தில் வாஷிங்டன் ஆட்சி இரண்டு கயிறுகளை ஒருசேர இறுக்கியது. ஒன்று ஆராய்ச்சி மானியம்; மற்றொன்று விசா. யூத மாணவர்களைத் துன்புறுத்தலினின்று காக்கத் தவறியது எனக் குற்றஞ்சாட்டி, மார்ச் 7இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் 40 கோடி டாலர் மானியத்தை ரத்துச் செய்தது. மறுநாள், பாலஸ்தீனத்துக்காகக் குரலெழுப்பியவரும் அமெரிக்காவில் நிரந்தரமாகத் தங்கும் உரிமை பெற்றவருமான ஓர் இளைஞர், அப்பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமான குடியிருப்பிலேயே கைது செய்யப்பட்டார். இரு வாரங்கள் கழியுமுன் கொலம்பியா அரசின் கோரிக்கைகளுக்குத் தலையசைத்தது. ஜூலையில், மூன்றாண்டுகளில் 20 கோடி டாலரும், அதற்கு மேல் 2 கோடியே 10 லட்சமும் செலுத்த ஒப்புக்கொண்டது.

"ஆய்வுக்கூடங்கள் மூடப்பட்டால் புற்றுநோயாளிக்கு மருந்து ஏது?" என்று அவர்களுக்காக வாதிடுவோர் உண்டு. இவ்வாதத்தை நாம் இலேசாகத் தள்ளிவிடவில்லை. பாதியில் நின்ற பரிசோதனையை விட்ட இடத்திலிருந்து தொடர இயலாது. சம்பளம் நின்ற ஆய்வாளர் வேறு வேலை தேடிப் போய்விடுவார். ஆனால் விலை கொடுத்ததால் கேட்பது நின்றதா? கொலம்பியா பணிந்த மூன்று வாரங்களில் ஹார்வர்டுக்கு வந்த கடிதம், யாரைப் பணியமர்த்துவது, யாரைச் சேர்ப்பது என்பதிலும் அரசுக்குக் கை வேண்டுமென்றது. அக்டோபரில் ஒன்பது பல்கலைக்கழகங்களின் முன் நீட்டப்பட்ட ஒப்பந்தமோ, இளநிலைப் படிப்பில் வெளிநாட்டார் நூற்றுக்கு 15 பேருக்கு மேலும், ஒரே நாட்டினர் 5 பேருக்கு மேலும் இருத்தலாகாது என்றது. அதனை முதலில் மறுத்தது மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம்.

ஹார்வர்டு ஏப்ரல் 14இல் மறுத்தது. அன்றே 220 கோடி டாலர் முடக்கப்பட்டது. அது நீதிமன்றம் சென்றது. மே 22இல் வெளிநாட்டு மாணவரைச் சேர்க்கும் உரிமையே பறிக்கப்பட்டது. ஏறத்தாழ 6,800 பேர், மொத்த மாணவரில் கால்பங்குக்கு மேல், ஒரே நாளில் அந்தரத்தில் நின்றனர். மறுநாளே நீதிபதி தடை விதித்தார். செப்டம்பர் 3இல் மானிய முடக்கமும் சட்டவிரோதம் எனத் தீர்ப்பாயிற்று. அரசு மேல்முறையீடு செய்தது.

ஹார்வர்டைப் புகழ்ந்து வரும் கட்டுரைகளைப் படிக்கையில் நமக்குச் சற்றே நெருடுகிறது. அக்கடிதம் வருமுன்னரே, மார்ச் மாதத்தில், தன் மத்தியக் கிழக்கு ஆய்வு மையத்தின் பொறுப்பாளர் இருவரை அதுவே பதவியினின்று இறக்கியது. வெளியார் தட்டுமுன் கதவைத் திறந்து வைத்த வீடு அது. 5,000 கோடி டாலருக்கு மேல் அறக்கட்டளை நிதி வைத்திருப்பவர் வழக்காடுவது நன்றே. அதையே வீரத்தின் உச்சமாக்க வேண்டியதில்லை.

ஹார்வர்டின் செல்வத்தில் சிறு பங்குமில்லாத டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். மார்ச் 25 மாலை, ரமலானில், இஃப்தாருக்காகப் புறப்பட்ட துருக்கிய ஆராய்ச்சி மாணவி ஒருவரை முகம் மறைத்த அதிகாரிகள் நடுத்தெருவில் பிடித்துச் சென்றனர். முந்திய ஆண்டு மாணவர் இதழில் மூவரோடு சேர்ந்து ஒரு கட்டுரை எழுதியிருந்தார். இந்தியாவில் பொறியியல் பயின்ற சுனில் குமார் அதன் தலைவர். அம்மாணவியின் கைதுக்கு ஏதுவான செயல் எதுவும் பல்கலைக்கழகத்துக்குத் தெரியாது எனவும், அவர் திரும்பிவந்து படிப்பை முடிக்க வேண்டும் எனவும் பல்கலைக்கழகம் நீதிமன்றத்தில் எழுத்து மூலம் உரைத்தது. மே 9இல் அவர் விடுதலையானார். மானியம் டஃப்ட்ஸுக்கும் தேவையே. அரசின் சினம் அதன்மீதும் பாய்ந்திருக்கலாம்.

ஆகவே இவ்வாண்டு விண்ணப்பிக்கும் குடும்பங்களுக்கு ஒன்று சொல்வோம். தரவரிசையையும் உதவித்தொகையையும் விசாரிப்பது போலவே, இதையும் எழுதிக் கேளுங்கள்: எம் பிள்ளையின் விசா திடீரென ரத்தானால் வழக்கறிஞரை அமர்த்துவது யார்? வழக்கு முடியும்வரை அவன் இடம் காக்கப்படுமா? பதிலையும் எழுத்தில் வாங்கிக் கொள்ளுங்கள்.