சப்பாத்து அலுமாரிக்குள் ஒரு ரவுட்டர்

புதன்கிழமை இரவு ஸூம் ஜெபக்கூட்டத்தில் நாம் அதிகம் கேட்கும் வசனம் வேதத்தில் இல்லை. "ஐயா, உங்கட சத்தம் விட்டு விட்டு வருது" என்பதுதான் அது. அடுத்த நிமிடம் ஏதோ ஒரு வீட்டில் அம்மா படிக்கட்டை நோக்கிச் சத்தம் போடுவார்: "தம்பி, அந்த கேமை நிப்பாட்டு!" மறுநாள் அப்பா இணைய நிறுவனத்துக்கு அழைத்து, மாதம் பத்துப் பவுண் கூடிய திட்டத்துக்கு மாறுவார். அடுத்த புதனும் சத்தம் விட்டு விட்டுத்தான் வரும்.

இந்த இரண்டு தீர்ப்புகளும், அதாவது பிள்ளையின் மேல் பழி, நிறுவனத்துக்குக் கூடுதல் காசு, பெரும்பாலும் அவசரத் தீர்ப்புகள் என்பது எங்கள் கருத்து. தாதியராக வேலை செய்யும் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. திரையில் ஒக்சிசன் அளவு திடீரென்று குறைந்தால் முதலில் நோயாளியைப் பார்ப்போம். அவர் சிரித்துக் கதைத்துக்கொண்டிருந்தால் விரலில் மாட்டிய கிளிப்பைப் பார்ப்போம். விரல் குளிர்ந்திருக்கும், அல்லது நகப்பூச்சு இருக்கும். கோளாறு எங்கே என்று தெரியாமல் மருந்து கொடுப்பதில்லை.

வைஃபைக்கும் அப்படி ஒரு சோதனை இருக்கிறது. மற்றவர்கள் எல்லாரும் இணையத்தை விட்டிருக்கும் நேரத்தில் மடிக்கணினியை ரவுட்டரோடு வயரால் இணைத்து வேகத்தை அளந்து பாருங்கள். பிறகு அதே கணினியைப் பிரச்சினை உள்ள அறைக்குக் கொண்டுபோய் வயர் இல்லாமல் அளந்து பாருங்கள். வயரிலேயே வேகம் இல்லை என்றால் குற்றம் வெளியே. ஒஃப்கொம் வகுத்த நடைமுறையில் சேர்ந்துள்ள நிறுவனங்கள் ஒப்பந்தத்தின்போதே உத்தரவாதமான குறைந்தபட்ச வேகத்தைச் சொல்ல வேண்டும். அதற்குக் கீழே போய், முறையிட்டு 30 நாட்களுக்குள் சரிசெய்யாவிட்டால், தண்டப்பணம் இல்லாமல் விலகலாம். வயரில் நல்ல வேகம், அறையில் இல்லை என்றால் குற்றம் நம் சுவர்களுக்குள். பெரிய திட்டம் வாங்கினாலும் சுவர் மெலியப்போவதில்லை.

இங்கே நம்மில் பலர் இருப்பது நூறு வருடத்துக்கு மேற்பட்ட செங்கல் வரிசை வீடுகளில். நடுவில் புகைபோக்கிச் சுவர், பின்னால் கட்டிச் சேர்த்த குசினி, மேலே லொஃப்ட் அறை. லொஃப்டில் குளிருக்காக அடித்த பலகைகளில் அலுமினியத் தாள் ஒட்டியிருப்பது உண்டு. வானொலி அலைக்கு அது இரும்புக் கதவு மாதிரி. இணைய வயரோ வீட்டின் முன்பக்கமாக வருகிறது. எஞ்சினியர் வாசலுக்கு அருகில் பெட்டியைப் பொருத்திவிட்டுப் போகிறார். அது பார்க்க வடிவில்லை என்று நாம் அதைச் சப்பாத்து அலுமாரிக்குள் தள்ளி விடுகிறோம். விளக்கையும் மரக்காலையும் பற்றி ஞாயிறு பள்ளியில் படித்தவர்கள்தான் நாம்!

ரவுட்டர் திறந்த இடத்தில், நெஞ்சளவு உயரத்துக்கு மேலே, வீட்டின் நடுவுக்கு எவ்வளவு கிட்ட முடியுமோ அவ்வளவு கிட்ட இருக்க வேண்டும். தொலைக்காட்சிக்குப் பின்னாலும் மீன் தொட்டிக்குப் பக்கத்திலும் பெரிய கண்ணாடிக்கு எதிரிலும் வேண்டாம். உலோகம் அலையைத் திருப்பி விடும், தண்ணீர் குடித்துவிடும். மைக்ரோவேவ் அடுப்பு வேலை செய்வதும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்குள்தான். சோறு சூடாகும் இரண்டு நிமிடமும் குசினியில் வீடியோ நிற்பதற்கு அதுவே காரணம். 2.4 தூரம் போகும், சுவரைத் தாண்டும், ஆனால் பக்கத்து வீட்டார் அத்தனை பேரும் அதில் நெரிபடுகிறார்கள். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் இரண்டு செங்கல் சுவருக்குமேல் களைத்துவிடும். அதே அறையில் இருப்பவர் 5-இல் இருக்கட்டும், தூரத்தில் இருப்பவர் 2.4-இல் இருக்கட்டும்.

அலை வராத அறையிலேயே மலிவான எக்ஸ்ரெண்டரை மாட்டுவது வீண் செலவு. வராத அலையை அது எப்படித் திருப்பி அனுப்பும்? பாதி வழியில், இன்னும் நல்ல அலை இருக்கும் இடத்தில் மாட்ட வேண்டும். அப்போதும் ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே அனுப்பும் வகை என்றால் வேகம் ஏறக்குறைய பாதியாகும். மெஷ் பெட்டிகள் நல்லவை, விலையும் அதற்கேற்ப. எங்கள் ஓட்டு ஒரு சாதாரண ஈதர்நெட் வயருக்கே. 100 மீட்டர்வரை அது சளைக்காது. படிக்கட்டு ஓரமாக ஒட்டிக்கொண்டு போனால் சுவரில் துளை போடவும் வேண்டாம், வீட்டுக்காரரிடம் கெஞ்சவும் வேண்டாம்.

இனி அந்தத் தம்பிக்கு வருவோம். விளையாடும்போது கேம் பயன்படுத்தும் தரவு மிகக் குறைவு. (புதிய பதிப்பை இறக்கும் இரவு வேறு கதை.) ஜெபக்கூட்டத்தைக் குலைப்பது அநேகமாக அம்மாவின் கைத்தொலைபேசி. சனிக்கிழமைக் கலியாண வீட்டில் எடுத்த முந்நூறு படங்களை அது சத்தமில்லாமல் மேலே ஏற்றிக்கொண்டிருக்கிறது. தெருமுனைப் பெட்டிவரை ஃபைபரும் அங்கிருந்து செம்புக் கம்பியும் உள்ள இணைப்பில், இறங்கும் வேகம் நொடிக்கு 80 மெகாபிட்வரை இருந்தாலும் ஏறும் வேகம் 20-க்கு மேல் போகாது. அந்த ஒடுங்கிய பாதை நிரம்பினால் ஐயாவின் குரலும் தம்பியின் கேமும் ஒரே வரிசையில் காத்து நிற்கும். அதாவது தம்பியும் பாதிக்கப்பட்டவன்தான். படங்களை நடு இரவில் ஏற்றும்படி மாற்றிவிடுங்கள்.

இதைவிடக் கவலையான பழக்கம் ஒன்று இருக்கிறது. இரவு பத்து மணிக்கு ரவுட்டரை அணைத்து விடுவது. பிள்ளைகள் நித்திரை கொள்ளட்டும் என்பது ஒரு காரணம், கதிர்வீச்சுப் பயம் இன்னொன்று. பயத்துக்குச் சொல்வதானால், 2.4 கிகாஹெர்ட்ஸில் இங்கே ஒரு வைஃபைப் பெட்டிக்கு அனுமதித்த உச்ச சக்தி 100 மில்லிவாட். சர்வதேசப் பாதுகாப்பு எல்லைக்கு மிகக் கீழேதான் அது வீட்டில் இருக்கும். பிள்ளைகளின் கருவிகளை மட்டும் நேரம் குறித்து நிறுத்தும் வசதி இன்றைய ரவுட்டர்களில் பெரும்பாலும் உண்டு.

அணைப்பது ஏன் ஆபத்து? பிரித்தானியாவின் பழைய செம்புத் தொலைபேசி வலையமைப்பு 2027 ஜனவரி 31-உடன் மூடப்படுகிறது. பல வீடுகளில் வீட்டுத் தொலைபேசி ஏற்கெனவே ரவுட்டருக்குள் செருகப்பட்டுவிட்டது. பழைய கம்பி தன்னோடு மின்சாரத்தையும் கொண்டுவந்தது. கரண்ட் போனாலும் 999-ஐ அழைக்கலாம். இப்போது ரவுட்டர் அணைந்தால் தொலைபேசி இல்லை. அம்மம்மா கழுத்தில் போட்டிருக்கும் அவசரப் பொத்தான் அந்தத் தொலைபேசி வழியாக வேலை செய்வதென்றால் அதுவும் இல்லை. வயதானவர்கள் விழுவது கழிவறைக்கு எழும்பும் இரவு நேரத்தில் என்பதை வார்டில் நாங்கள் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம். விழுந்து, விடியும்வரை குளிர்ந்த தரையில் கிடந்தவருக்கு விழுந்த காயத்தைவிடக் கிடந்த நேரமே பெரிய கேடாகிவிடுவதுண்டு.

ஆகவே வாலிபர் ஐக்கியத்துக்கு ஒரு வேண்டுகோள். பண்டிகைக்குக் கரோல் பாடப் போகும் அதே வீடுகளுக்கு ஒரு ஞாயிறு பின்னேரம் நீளமான வயர் ஒன்றோடு போங்கள். தொலைபேசி எதில் செருகியிருக்கிறது என்று பாருங்கள். இன்னும் மாறாத வீடு என்றால், அவசரப் பொத்தான் இருப்பதைத் தொலைபேசி நிறுவனத்துக்கு முன்கூட்டியே சொல்ல உதவுங்கள். வீட்டுத் தொலைபேசியை மட்டுமே நம்பியிருப்பவருக்கு, கரண்ட் போனால் ஒரு மணித்தியாலமாவது அவசர அழைப்புக்கு வழி செய்து தர வேண்டும் என்று ஒஃப்கொம் கூறுகிறது. அந்த பற்றரியைக் கேட்டு வாங்கிக் கொடுங்கள். பொத்தானை ஒருமுறை அழுத்தி, மறுமுனையில் பேசுபவரிடம் இது சோதனை என்று சொல்லுங்கள். பிறகு ரவுட்டரின் பிளக்கில் பெரிய எழுத்தில் ஒரு துண்டு ஒட்டுங்கள்: "அம்மம்மா, இதை அணைக்க வேண்டாம்."