கூம்பு மாட்டினால் குதிரை ஓடாது

வாகனத்தின் மூச்சைக் கம்பனிக்காரன் அடைத்து வைத்திருக்கிறானாம். பொனட்டுக்குள் இருக்கிற கறுப்புப் பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு, பளபளக்கும் அலுமினியக் குழாயும் நுனியில் ஒரு சிவப்புக் கூம்பு பில்டரும் மாட்டினால் மூச்சுத் திறந்து வாகனம் பறக்குமாம். 'கோல்ட் எயார் இன்டேக்' என்ற பெயரில் டபுள் கெப்புக்கும் ஜீப்புக்கும் விலைப்படுகிற இந்தச் சாமானைப் பற்றி நாங்கள் சொல்ல வருவது இதுதான்: புழுதியும் வெள்ளமும் மாறி மாறி வருகிற ஓட்டமாவடிப் பக்கத்தில் ஓடுகிற வாகனத்துக்கு, பொனட்டுக்குள் திறந்து கிடக்கிற கூம்பு காசு கொடுத்து வாங்குகிற நோய்.

"கலைப்பீடத்துப் பிள்ளைகளுக்கு இஞ்சினைப் பத்தி என்ன கதை?" என்று கேட்பீங்க. கேளுங்க. எங்களில் எத்தனையோ பேரின் படிப்புச் செலவு வாகனத்தில்தான் வருகிறது. நெல்லு ஏற்றுகிற வாகனம், மீன் பெட்டி ஏற்றுகிற வாகனம், ஹயர் ஓடுகிற வாகனம். அந்த இஞ்சின் நின்றால் வீட்டில் உலையும் நிற்கும், எங்கட போர்டிங் காசும் நிற்கும். அதோடு, ஒரு சொல் மனிசனை எப்படி மயக்குகிறது என்று பார்க்கத்தானே கலைப்பீடத்தில் படிக்கிறோம்? இங்கே மயக்குகிற சொல் 'கோல்ட்'.

அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு உண்மை இருக்கத்தான் செய்கிறது. காற்றுக் குளிர்ந்தால் அடர்த்தி கூடும். அடர்த்தி கூடினால் அதே இடத்துக்குள் ஒட்சிசன் கூடப் போகும். வெளியே 30 பாகை, பொனட்டுக்குள் 60 பாகை என்று வைத்துக்கொண்டால், உள்ளே இருக்கிற காற்று வெளிக்காற்றைவிட ஏறத்தாழ 9 வீதம் ஐதானது. சரி, இப்ப பொனட்டைத் திறந்து பாருங்க. கூம்பு எங்கே இருக்கிறது? ரேடியேட்டருக்குப் பின்னால், இஞ்சின் சூட்டுக்குப் பக்கத்தில். கழற்றி எறிந்த பெட்டியின் வாய் எங்கே இருந்தது? பெரும்பாலான வாகனங்களில் முன் கிறிலுக்குப் பின்னாலோ மட்காட்டுக்குள்ளேயோ, வெளிக்காற்றுப் படுகிற இடத்தில். குளிர்ந்த காற்று முதலே வந்துகொண்டுதான் இருந்தது. அதை நிற்பாட்டிவிட்டுச் சூட்டுக்காற்றைக் குடிக்கக் கொடுத்து, அதற்குக் 'கோல்ட்' என்று பேரும் வைத்திருக்கிறோம்.

இன்னொரு வகையும் உண்டு. நீட்டுக் குழாய் போட்டு, கூம்பைக் கீழே பம்பருக்குப் பின்னால் கொண்டுபோய் வைப்பார்கள். அங்கே காற்றுக் குளிர்தான். ஆனால் தண்ணியும் அங்கேதான் முதலில் வரும். மேலே வைத்தால் சூடு, கீழே வைத்தால் வெள்ளம். இந்த இரண்டுக்கும் நடுவில் இடம் தேடித்தான் வாகனம் செய்தவன் அந்தக் கறுப்புப் பெட்டியை அங்கே வைத்தான்.

அடுத்தது ஹோர்ஸ்பவர். நம்ம பக்கம் ஓடுகிற கெப்புகள் அனேகமாக டேர்போ டீசல். டேர்போ காற்றை அமுக்குகிறபோதே அது 100 பாகையைத் தாண்டிச் சூடாகலாம். பிறகு இன்டர்கூலர் அதைக் குளிர்விக்கிறது. எவ்வளவு அமுக்க வேண்டும், எவ்வளவு டீசல் அடிக்க வேண்டும் என்பதை இஞ்சினின் கம்பியூட்டர் தீர்மானிக்கிறது. டீசல் இஞ்சினுக்குள் காற்று எப்போதும் தேவைக்கு மிஞ்சியே போகிறது. சக்தியைக் கூட்டுவதும் குறைப்பதும் டீசலின் அளவு. கூம்பு ஒரு சொட்டு டீசலும் கூட அடிக்காது. அப்ப மாட்டினவன் "மச்சான், வாகனம் இப்ப வேற மாதிரி!" என்று சொல்வது பொய்யா? பொய்யில்லை. அவன் கேட்கிறது சத்தம். காற்றை உறிஞ்சுகிற சத்தத்தை அடக்குவதும் அந்தப் பெட்டியின் ஒரு வேலை. பெட்டி போனதும் டேர்போவின் விசில் வெளியே வருகிறது. சத்தம் கூடினதும் வேகம் கூடின மாதிரித் தெரியுது. காது ஏமாறுது, காசு போகுது.

பந்தயக்காரர்களுக்கு இது உதவும், மறுக்கவில்லை. அவர்கள் இன்டேக்கோடு சைலன்சரையும் மாற்றி, கம்பியூட்டரையும் மாற்றி, எல்லாவற்றையும் ஒன்றுக்கொன்று பொருத்துகிறார்கள். ஓட்டம் முடிய இஞ்சினைப் பிரித்துப் பார்க்கிற வசதியும் அவர்களுக்கு இருக்கிறது. நாங்கள் அதே இஞ்சினை இலட்சக்கணக்கான கிலோமீற்றர் ஓட்டி, பிறகு தம்பியின் கையிலும் கொடுக்க நினைக்கிற ஆட்கள். அவர்களுடைய மருந்து நமக்கு ஒத்துவராது.

இனிப் புழுதிக்கு வருவோம். ஒரு லீட்டர் டீசல் எரிய, குறைந்தது 10,000 லீட்டர் காற்று வேண்டும். 60 லீட்டர் டாங்க் ஒன்று முடிகிறபோது இஞ்சின் 6 இலட்சம் லீட்டருக்கு மேல் காற்றைக் குடித்திருக்கும். அது எந்தக் காற்று? கச்சான் வீசுகிற மாதங்களில் புணானைப் பக்கமோ வாகனேரி வயல்வெளிக்கோ போய்ப் பாருங்க; கிரானால் இறங்கிக் குடும்பிமலைப் பக்கம் போய்ப் பாருங்க. கிறவல் வீதியில் முன்னால் ஒரு டிப்பர் போனால் பின்னால் வருகிறவனுக்கு வீதியே தெரியாது. அறுவடைக் காலத்தில் வெட்டு மெஷினுக்குப் பக்கத்தில் கெப்பை நிறுத்தினால் பதரும் தூசியும் பொனட்டில் படியும். இந்தப் புழுதியில் சிலிக்கா இருக்கிறது. அது சிலிண்டர் சுவரின் இரும்பைவிடக் கடினமானது. உள்ளே போனால் பிஸ்டன் ரிங்கையும் சுவரையும் அரத்தாளைப் போலத் தேய்க்கும். டேர்போவின் சுழல் இலைகளையும் அரிக்கும். முதலில் ஒயில் குறையும், பிறகு நீலப்புகை வரும், அதற்குப் பிறகு கராஜில் மாதக்கணக்கில் நிற்க வேண்டும்.

எயார் பில்டர்களைச் சோதிக்க ஐஎஸ்ஓ 5011 என்று ஒரு சர்வதேச முறை இருக்கிறது. அது மூன்று கேள்விகளைக் கேட்கிறது. எவ்வளவு புழுதியைப் பிடிக்கிறது? காற்றுப் போக எவ்வளவு தடை? அடைபடுவதற்கு முன்னால் எவ்வளவு புழுதியைத் தாங்கும்? விளம்பரத்தில் வருகிறது நடுக் கேள்வி மட்டும்தான். தடை குறைவு, தடை குறைவு என்று அடித்துச் சொல்கிறார்கள். தடை குறைவு என்றால் நுளம்பு வலையைக் கட்டினாலும் தடை குறைவுதான்! பிடிக்கிற அளவைப் பற்றியும் தாங்குகிற அளவைப் பற்றியும் வாய் திறக்காத பில்டரை எதை நம்பி வாங்குவது?

எண்ணெய் பூசின பஞ்சு பில்டர் கழுவிக் கழுவிப் பாவிக்கலாம் என்பது இன்னொரு ஆசை. எண்ணெய் குறைந்தால் புழுதி உள்ளே போகும். கூடினால் எண்ணெய் பறந்துபோய்க் காற்றை அளக்கிற சென்சரின் மெல்லிய கம்பியில் படியும், அது பிழையான கணக்கைச் சொல்லத் தொடங்கும். கடதாசி பில்டரை மலிவுச் சாமான் என்று நினைக்கிறவர்கள், வைக்கோலில் இருந்து கடதாசி செய்த ஆலை நின்ற வாழைச்சேனைக்குப் பக்கத்திலிருந்து பேசுகிறோம் என்பதையாவது ஞாபகம் வைத்திருக்கட்டும். மடித்து மடித்து அடுக்கின அந்தக் கடதாசிதான் நுண்புழுதியைப் பிடிப்பதில் கெட்டிக்காரன். கொஞ்சம் அழுக்குப் படிந்த பில்டர் புதுசைவிட நன்றாகவே பிடிக்கும். அதைக் கொம்பிரசரில் ஓங்கி அடித்து ஓட்டை போடாமல், நேரத்துக்கு மாற்றினால் போதும்.

அனுபவம் வேண்டுமென்றால் வயலுக்குப் போங்க. பழைய உழவு இயந்திரங்கள் பலவற்றில் பொனட்டுக்கு மேலே ஒரு குழாயும் தொப்பியும் நீட்டிக்கொண்டு நிற்கும். காற்றை உயரத்தில் எடுத்து, சுழற்றிப் பெரிய தூசியை வெளியே தள்ளி, மிச்சத்தை எண்ணெய்ச் சட்டியில் படிய வைத்துத்தான் இஞ்சினுக்குள் விடும். புழுதிக்குள்ளேயே காலம் தள்ளுகிற அந்த மெஷினில் எவனும் கூம்பைத் திறந்து வைக்கவில்லை. நம்ம மூத்தவர்களுக்கு இது தெரியும். நமக்குத்தான் வேறு நாட்டு வீதியில் எடுத்த வீடியோ வேதமாகிவிட்டது.

புழுதி மெதுவாகக் கொல்லும், தண்ணி ஒரு நொடியில் கொல்லும். மாரியில் கிரான் புலிபாய்ந்தகல் பாதை தண்ணிக்குள் போவதும், மன்னம்பிட்டியில் வெள்ளம் ஏறிப் பொலன்னறுவை வீதி துண்டாவதும் நமக்குப் புதினமில்லை. இன்டேக்கால் தண்ணி உள்ளே போனால், பிஸ்டன் மேலே வருகிறபோது அதை அமுக்க முடியாது. கொனெக்டிங் ரொட் வளையும். இஞ்சின் அதோடு சரி. டொயோட்டா ஹைலக்ஸுக்கு 700 மில்லிமீற்றர், ஃபோர்ட் ரேஞ்சருக்கு 800 மில்லிமீற்றர் என்று கம்பனி சொல்கிற தண்ணி ஆழம், கம்பனி வைத்த இடத்தில் காற்று வாய் இருக்கிற வரைக்கும்தான். வாயைக் கீழே இறக்கினவனுக்கு அந்தக் கணக்குச் செல்லாது.

"அப்ப ஸ்நோர்க்கல் போடுவமே?" போடலாம், கூம்பைவிட ஆயிரம் மடங்கு மேல். காற்றைக் கூரை உயரத்தில் எடுப்பதால் புழுதியும் குறையும். ஆனால் நல்ல ரகத்தைப் பெட்டியோடு காற்றுப் புகாமல் பூட்ட வேண்டும். அழகுக்கு மட்டும் பொருத்தினது நிறைய. சோதிப்பது லேசு: இஞ்சின் ஓடும்போது ஸ்நோர்க்கல் வாயை ஒரு பலகைத் துண்டால் மூடுங்க. இஞ்சின் திணறி நின்றால் பூட்டுச் சரி. ஒன்றும் நடக்காத மாதிரி ஓடிக்கொண்டே இருந்தால் எங்கேயோ ஓட்டை.

ஸ்நோர்க்கல் இஞ்சினுக்கு மூச்சுக் கொடுக்கும், வெள்ளத்தை எதிர்க்கிற பலத்தைக் கொடுக்காது. 2024 நவம்பர் 26இல் காரைதீவு மாவடிப்பள்ளியில், மத்ரசாப் பிள்ளைகளை ஏற்றி வந்த உழவு இயந்திரத்தை வெள்ளம் கவிழ்த்தது. பிள்ளைகள் மௌத்தானார்கள். உழவு இயந்திரத்தைவிட உயரமாக மூச்செடுக்கிற வாகனம் நம்மிடம் எத்தனை இருக்கிறது? இழுக்கிற தண்ணிக்கு முன்னால் எந்தக் குழாயும் உதவாது. ஓடுகிற தண்ணியைக் கண்டால் நிற்பாட்டுவதுதான் ஓட்டத் தெரிந்தவனின் அடையாளம்.

ஆகவே, இன்டேக் மாற்றத்தான் போகிறீங்க என்றால் கடையில் இவற்றைக் கேளுங்க. மூடின பெட்டியோடு வருகிறதா? காற்று வாய் பழைய உயரத்துக்குக் குறையாமல் இருக்குமா? தண்ணி வடிய வழி இருக்கிறதா? சென்சர் உட்காருகிற குழாயின் விட்டம் பழையதேதானா? மாறினால் கம்பியூட்டர் காற்றைப் பிழையாக அளக்கும். ஐஎஸ்ஓ 5011 முடிவு மூன்றும் கையில் இருக்கிறதா? மாற்று பில்டர் வாழைச்சேனையிலோ மட்டக்களப்பிலோ கிடைக்குமா? இத்தனைக்கும் 'ஓம்' என்று பதில் வந்தால் வாங்குங்க, நாங்கள் குறுக்கே நிற்கவில்லை. பூட்டி ஒரு மாதம் ஓடின பிறகு, பில்டருக்கு அப்பால் உள்ள குழாய்க்குள் வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்க. துணியில் மண் ஒட்டினால் அன்றைக்கே கழற்றுங்க.

"எங்கட காசு, எங்கட ஆசை" என்று சொல்கிறவர்களுக்கும் ஒரு கதை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் கதவு திறந்தது. திறந்த பிறகும் வரியைக் கேட்டால் தலை சுற்றுகிறது. முற்றத்தில் நிற்கிற பழைய கெப்பை மாற்ற இன்னொன்று இலேசில் வராது. வாப்பாவின் பேரில் இருக்கிற, லீசிங் கட்டி முடியாத, உம்மாவின் நகையும் சேர்ந்து வாங்கின வாகனம் அது. வாகனத்தை அலங்கரிக்க ஆசைப்படுவதில் தப்பில்லை. பெயின்ட் அடிங்க, லைட் போடுங்க, ஸ்டிக்கர் ஒட்டுங்க. அதன் நெஞ்சுக்குள் மட்டும் கை வைக்காதீங்க.

கூம்பு வாங்கச் சேர்த்து வைத்த காசு கையில் இருந்தால், நல்ல கடதாசி பில்டர் இரண்டு வாங்குங்க. பெட்டியின் ரப்பர் ஓரம் வெடித்திருந்தால் மாற்றுங்க, குழாய் கிளிப்புகளை இறுக்குங்க. மிச்சக் காசுக்கு டீசல் அடிங்க. வாகனம் ஓடும்.