காலி மனையில் முளைக்கும் களை யாருடையது?

சேலத்தில் இருந்து ஏற்காட்டுக்கு இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஏறி முடித்து, ஏரியைத் தாண்டி எந்தப் பக்கம் வண்டியைத் திருப்பினாலும் கொஞ்ச தூரத்தில் ஒரு பெரிய இரும்பு கேட் வந்துவிடும். உள்ளே சிமென்ட் சாலை, வெள்ளையடித்த எல்லைக் கற்கள், 'மேகத்துக்குள் ஒரு வீடு' என்கிற மாதிரி ஒரு பலகை. விளம்பரத் தாளில் பார்த்தால் மலைச்சரிவு முழுக்க பச்சைக் கம்பளம் விரித்த மாதிரி புல்வெளி.

இரண்டு மழைக்காலம் கழித்து அதே இடத்துக்குப் போனால் பச்சை அப்படியேதான் இருக்கும். ஆனால் அது புல் இல்லை. பாதி உன்னிச்செடி, பாதி பார்த்தீனியம்!

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் "தோட்டக்காரன் சரியில்லை" என்பது. பாவம் தோட்டக்காரர். அவர் மேல் பழி போடும் முன் இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும். ஒன்று, அந்த நிலம் முன்பு என்னவாக இருந்தது. இன்னொன்று, களை எடுக்கும் செலவை யார் கொடுக்கிறார்கள்.

முதல் விஷயம். சேர்வராயன் மலையில் காப்பி வந்தது 1820களில், சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில். அன்றில் இருந்து இந்தச் சரிவுகளில் பெரும்பகுதி நிழலில்தான் இருந்தது. மேலே சில்வர் ஓக், அதில் ஏறிய மிளகுக் கொடி, கீழே காப்பிச் செடி, அதற்கும் கீழே உதிர்ந்த இலைகளின் மெத்தை. வெயில் தரையைத் தொடுவதே குறைவு என்பதால் களையும் குறைவு. முளைத்ததை வருடத்துக்குச் சில முறை அரிவாளால் சீவி அங்கேயே போட்டுவிடுவார்கள், அது மட்கி உரமாகும். வேரோடு பிடுங்கி மண்ணை மொட்டையாக்கினால் அடுத்த மழையில் மேல்மண் போய்விடும் என்பது தோட்டத்துக்காரர்களுக்குத் தெரியும்.

லேஅவுட் போடுகிறவர் முதலில் செய்வது என்ன? மரத்தை வெட்டுவது, காப்பியைப் பிடுங்குவது, ஜேசிபி வைத்துச் சமப்படுத்துவது. வருடத்துக்குச் சராசரியாக 1500 மில்லிமீட்டரை ஒட்டி மழை பெய்கிற ஊரில், கிளறிப் போட்ட மண்ணும் முழு வெயிலும் சேர்ந்தால் முளைக்கப் போவது எது? ஒரு பார்த்தீனியச் செடி பதினைந்தாயிரத்துக்கும் மேல் விதை போடும். உன்னிப் பழத்தைத் தின்ற பறவை எல்லைக் கல்லில் உட்கார்ந்து விதையைப் போட்டுவிட்டுப் பறந்துவிடும். ஆக, களைக்கான பாத்தியை கட்டிக் கொடுத்ததே லேஅவுட்தான்.

இரண்டாவது விஷயம் பணம். காமர்ஸ் படிப்பவர்கள் முதல் வருடத்திலேயே படிக்கும் 'ஓசிச் சவாரி'ப் பிரச்சினை இங்கே நேரில் நடக்கிறது. ஒரு கற்பனைக் கணக்கு: நூறு மனைகள், அதில் வீடு கட்டியிருப்பது இருபது பேர். மீதி எண்பது சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கிறவர்களின் முதலீடு. விலை ஏறும்வரை காத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். மொத்த இடத்துக்கும் ஒழுங்காகக் களை வெட்ட வருடத்துக்கு இரண்டு லட்சம் என்று வைத்துக்கொண்டால், நூறு பேர் கொடுத்தால் ஆளுக்கு 2,000 ரூபாய். இருபது பேர் மட்டும் கொடுத்தால் ஆளுக்கு 10,000. "நான் ஏன் அடுத்தவன் மனைக்கு அழ வேண்டும்?" என்று அந்த இருபது பேரில் ஒருவர் கேட்பார். நியாயமான கேள்விதான். முடிவில் கேட்டும் சாலை ஓரமும் மட்டும் சுத்தமாகும். உள்ளே எண்பது மனைகளில் விதை முற்றும். அடுத்த வருடம் அந்த இருபது வீட்டுத் தோட்டத்திலும் அதே விதை முளைக்கும். களை கூட்டு வட்டி மாதிரி. அசலை விட்டு வைத்தால் வட்டிக்கு வட்டி.

பொதுப் பூங்கா கதை இன்னும் வேடிக்கை. 2019ஆம் வருடக் கட்டட விதிகளின்படி 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட லேஅவுட்டில் சாலை போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி, உள்ளாட்சி அமைப்புக்குத் தானமாக எழுதிக் கொடுக்க வேண்டும். பத்திரப்படி இடம் ஊராட்சியுடையது, கேட்டும் வாட்ச்மேனும் குடியிருப்புக்காரர்களுடையது. இவர்கள் அவர்கள் வெட்டட்டும் என்பார்கள், அவர்கள் இவர்கள் வெட்டட்டும் என்பார்கள். உன்னிச்செடிக்கு இதைவிட நல்ல காலம் உண்டா?

இந்த இடத்தில்தான் யாராவது ஒருவர் "மருந்து அடித்துவிடலாமே" என்று ஆரம்பிப்பார். கணக்குப் புத்தகத்தில் பார்த்தால் அது மலிவு. பத்து ஆள் பத்து நாள் செய்யும் வேலையை ஒரு ஆள் முதுகில் ஒரு டேங்கைக் கட்டிக்கொண்டு இரண்டு நாளில் முடித்துவிடுவார். ஆனால் கணக்குப் புத்தகத்துக்கு வெளியே நடப்பதையும் சொல்ல வேண்டும். பரவலாகப் பயன்படுவது கிளைபோசேட். அது பச்சையாக இருக்கும் எல்லாவற்றையும் காய வைக்கும், மண்ணைப் பிடித்து வைத்திருக்கும் புல்லையும் சேர்த்து. மண்ணுக்குள் கிடக்கும் விதையை அது ஒன்றும் செய்யாது. ஆக அடுத்த மழைக்கு மொட்டை மண், அதில் புதுக் களை, மறுபடி மருந்து. கிளைபோசேட் மண்ணோடு ஒட்டிக்கொள்ளும் குணம் உள்ளது என்பதால் "கீழே போகாது" என்று சமாதானம் சொல்வார்கள். சமவெளியில் அது ஓரளவு சரி. சரிவில் மண்ணே அல்லவா கீழே போகிறது! ஏற்காட்டு ஏரி நிரம்பி வழியும் தண்ணீர்தான் கிளியூர் அருவி. சேலத்துக்குள் ஓடும் திருமணிமுத்தாறு பிறப்பதும் இந்த மலையில்தான்.

மருந்தடிக்கும் ஆளை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. லுங்கி, வெறுங்கால், வாயில் கட்டிய துண்டு. "டேங்குக்கு மூணு மூடி" என்பதுதான் அளவு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015இல் கிளைபோசேட்டை 'மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியதாக இருக்கலாம்' என்ற பட்டியலில் வைத்தது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் துறை அதை ஏற்கவில்லை, சண்டை நடந்துகொண்டிருக்கிறது. ஆனால் 2022 அக்டோபரில் மத்திய அரசு போட்ட உத்தரவு, பூச்சிக் கட்டுப்பாட்டுத் தொழில் செய்பவர்கள் மூலம் மட்டுமே அதைப் பயன்படுத்தலாம் என்றது. கடையில் ஒரு கேன் வாங்கி வாட்ச்மேன் கையில் கொடுப்பது அந்த உத்தரவில் அடங்காது.

ஆள் கிடைப்பதில்லை, கூலி அதிகம் என்ற பதிலும் பொய் இல்லை. சீசன் நேரத்தில் ஆளைப் பிடிப்பது கஷ்டம்தான். ஆனால் இங்கே பிரச்சினை எத்தனை ஆள் என்பதைவிட எப்போது, எப்படி என்பது. பார்த்தீனியத்தைப் பூ விடும் முன் பிடுங்கினால் ஒரு செடி போயிற்று. பூ விட்டு விதை முற்றிய பின் வெட்டினால் விதைத்ததாகத்தான் அர்த்தம். (கையுறை இல்லாமல் பிடுங்கக் கூடாது, தோல் அரிப்பு வந்து பாடாய்ப்படுத்தும்.) உன்னிச்செடியை மேலாக வெட்டினால் அது இன்னும் அடர்த்தியாகத் துளிர்க்கும். டெல்லி பல்கலைக்கழகப் பேராசிரியர் சி.ஆர். பாபு குழுவினர் கார்பெட் புலிகள் காப்பகத்தில் செய்து காட்டிய முறை வேறு: மண்ணுக்குக் கீழே 3 முதல் 5 சென்டிமீட்டரில் முக்கிய வேரை வெட்டி, புதரைத் தூக்கித் தலைகீழாகப் போட்டுவிடுவது. மண்வெட்டி போதும், மருந்து வேண்டாம். பிறகு அந்த இடத்தில் பறவைகள் போடும் விதை முளைப்பதை மட்டும் பார்த்துப் பார்த்துப் பிடுங்க வேண்டும். இந்த மலையின் பூர்வகுடிகளான மலையாளி மக்களில் (கேரளக்காரர்கள் அல்ல) பலர் தலைமுறையாகக் காப்பித் தோட்ட வேலை செய்தவர்கள். அவர்களுக்கு வருடம் முழுக்க நிரந்தரச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்வது, வருடத்துக்கு ஒரு முறை அவசரமாக ஆள் தேடுவதைவிட மேல்.

அந்தச் சம்பளம் எங்கிருந்து வரும்? வீடு கட்டியவர், கட்டாதவர் என்ற பேதம் இல்லாமல் சதுர அடிக் கணக்கில் எல்லா மனைக்கும் பராமரிப்புக் கட்டணம் வைத்தால் வரும். கொடுக்காதவர் பெயரில் பாக்கியை ஏற்றிக்கொண்டே போய், மனையை விற்கும்போது சங்கத்தின் 'பாக்கி இல்லை' சான்றிதழ் கேட்கும் இடத்தில் வசூலிக்கலாம். இது வாங்கும்போதே ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். மனை வாங்கப் போகிறவர்கள் வியூ பார்க்கிற நேரத்தில் இந்த ஒரு ஷரத்தையும் பார்ப்பது நல்லது.

தோட்டம் அமைக்கிறவர்களிடமும் ஒரு கேள்வி. உன்னிச்செடியே இந்தியாவுக்குள் அழகுச் செடியாக வந்ததுதான்! வெள்ளைக்காரர்கள் தோட்டத்தில் வைத்தார்கள், அது காட்டுக்குள் போனது. இன்று அதே வேலையை வெடேலியா செய்கிறது. சரிவை மூட மலிவாகக் கிடைக்கிறது, மஞ்சள் பூ, வைத்ததும் பரவுகிறது. (நம்ம ஊர் மஞ்சள் கரிசலாங்கண்ணிக்குச் சொந்தக்காரச் செடி, ஆனால் அது இல்லை.) உலகின் மிக மோசமான 100 ஊடுருவிகள் என்று சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் நிபுணர் குழு வெளியிட்ட பட்டியலில் உன்னியும் இருக்கிறது, வெடேலியாவும் இருக்கிறது. ஒன்றை வெட்டச் செலவு செய்துகொண்டே இன்னொன்றைக் காசு கொடுத்து நடுவது என்ன கணக்கோ! தமிழக அரசு 2022இல் அயல் ஊடுருவும் தாவரங்களுக்கு ஒரு கொள்கை வெளியிட்டது. ஆனால் அது காடுகளை மீட்பதற்கானது. வில்லாவின் வேலிக்குள் நடுவதை யார் கேட்பது? வேலிக்கு அந்தப் பக்கம் காடு. காய்ந்த உன்னிப் புதர் வழியாகத்தான் பங்குனி வெயிலில் தீ ஏறும்.

சங்கங்களின் பொதுக்குழு பெரும்பாலும் மே மாதம்தான் கூடும். பள்ளி விடுமுறை, மலர்க் கண்காட்சி, எல்லோரும் ஊரில் இருப்பார்கள். அப்போது கோடை முடிந்த நிலம் காய்ந்து கிடக்கும், களை கண்ணுக்கே தெரியாது. சிசிடிவி, கேட் லைட், தண்ணீர் லாரி பற்றிப் பேசிவிட்டு மலை இறங்கிவிடுவார்கள். ஜூனில் மழை தொடங்கும். மறுபடி அவர்கள் மேலே வருவது தீபாவளி விடுமுறைக்கு. அதற்குள் பார்த்தீனியம் ஒரு முறை பூத்து, காய்த்து, விதையையும் உதிர்த்திருக்கும்.