கடைமடைக்கு எட்டாத ஒளி

“ஊராட்சிக்கு அதிவேக இணையம் வந்துவிட்டது” என்று அரசு ஆவணத்தில் ஒரு வரி எழுதப்படுகிறது. ஊராட்சி அலுவலகக் கட்டடத்துக்குள் சுவரில் மாட்டிய சிறு கருவி ஒன்றில் பச்சை விளக்கு எரிகிறது என்பதே அந்த வரியின் பொருள். அந்தக் கட்டடம் பெரும்பாலும் ஊரில் இருக்கிறது. சேரி அங்கிருந்து அரை கிலோமீட்டரோ இரண்டு கிலோமீட்டரோ தள்ளி இருக்கிறது. பச்சை விளக்கு எரிந்ததும் ஊராட்சி முழுவதும் இணைக்கப்பட்டதாகக் கணக்கு முடிந்துவிடுகிறது. சேரிக்கான தூரம் அந்தக் கணக்கில் எங்கும் இல்லை.

கண்ணாடி இழை கேபிள் என்பது நகரத்து வசதி என்ற காலம் போய்விட்டது. சாதிச் சான்று, பட்டா, கல்வி உதவித்தொகை, தேர்வாணைய விண்ணப்பம், ரேஷன் கடையின் விரல்ரேகைக் கருவி எல்லாம் இணையத்தின் வழியேதான் நடக்கின்றன. நூறு நாள் வேலைக்குக்கூட 2023 ஜனவரி 1 முதல் செல்பேசிச் செயலியில் இரண்டு வேளை படம் எடுத்து ஏற்றினால்தான் வருகைப்பதிவு என்று ஆக்கினார்கள். சிக்னல் இல்லாத ஏரிக்கரையில் வெயிலில் மண் வெட்டியவரின் கூலி, படம் ஏறுமா ஏறாதா என்பதில் தொங்கியது. அந்த வேலைக்குச் செல்வோரில் நம் மக்கள் எத்தனை பேர் என்பதை இம்மாவட்டத்தில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. ஆகவே கேபிள் யார் வீடு வரைக்கும் வருகிறது என்ற கேள்வி, யார் தெருவில் குழாய் இருக்கிறது, யார் தெருவில் சாலை இருக்கிறது என்ற பழைய கேள்வியின் தொடர்ச்சிதான்.

முதலில் இந்தத் தொழில்நுட்பத்தைச் சற்றுப் புரிந்துகொள்வோம். “உங்கள் பகுதிக்குத் தொழில்நுட்பக் காரணங்களால் தர இயலாது” என்ற பதிலை எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். அதில் எவ்வளவு உண்மை என்று பார்க்க வேண்டும்.

செம்புக் கம்பியில் தகவல் மின்சாரமாகப் போகிறது. கண்ணாடி இழையில் ஒளியாகப் போகிறது. தலைமுடி அளவே பருமன் கொண்ட இழையின் நடுவில், ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட இல்லாத உட்கரு இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள கண்ணாடி உறை வேறு தன்மை கொண்டது. உட்கருவுக்குள் நுழைந்த ஒளி உறையின் விளிம்பில் பட்டு வெளியேறாமல் உள்ளேயே திரும்புகிறது. வாய்க்காலின் கரை தண்ணீரைப் பிடித்து நிறுத்துவதுபோல உறை ஒளியைப் பிடித்து நிறுத்துகிறது. அந்த ஒளி நொடிக்குக் கோடிக்கணக்கான முறை அணைந்து எரிவதுதான் நாம் பார்க்கும் படமும் கேட்கும் குரலும். தூய்மையான கண்ணாடியில் ஒளி நெடுந்தூரம் போகும் என்று 1966-இல் எழுதிக் காட்டியவர் சார்லஸ் காவ். அதற்காக 2009-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

வீடுகளுக்கு இணைப்பு தரும் முறையில் ஒரு சிக்கனம் இருக்கிறது. ஒன்றிய அளவிலான நிலையத்திலிருந்து வரும் ஒற்றை இழையை ‘ஸ்பிளிட்டர்’ என்ற சிறு பெட்டி 32 அல்லது 64 கிளைகளாகப் பிரிக்கிறது. அந்தப் பெட்டிக்கு மின்சாரம் வேண்டாம், ஆள் வேண்டாம். பரவலாகப் பயன்படும் ஜிபான் முறையில் அந்த ஒற்றை இழை நொடிக்கு ஏறத்தாழ 2,488 மெகாபிட் தகவலைக் கொண்டுவருகிறது. 64 வீடுகள் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் பயன்படுத்தினாலும் வீட்டுக்கு 38 மெகாபிட்டுக்குக் குறையாது. எல்லோரும் ஒரே நொடியில் பயன்படுத்துவதில்லை என்பதால் நடைமுறையில் இதைவிடக் கூடுதலாகவே கிடைக்கும். நம் சேரிகளில் பலவற்றுக்கு, முழுக் குடியிருப்புக்கும், தலைமுடி அளவுள்ள ஓர் இழை போதும்.

தூரம் தடையா? ஒளி போகப் போகக் கொஞ்சம் மங்கும். அந்த இழப்பை டெசிபல் என்ற அலகால் அளக்கிறார்கள். இந்த முறையில் பொதுவாக 28 டெசிபல் வரை இழப்பைத் தாங்கலாம். அதில் பெரும்பகுதியை ஸ்பிளிட்டர் பெட்டியே எடுத்துக்கொள்ளும். ஒரு கிலோமீட்டர் இழையில் போவதால் ஏற்படும் இழப்பு சுமார் 0.35 டெசிபல்தான். ஊரிலிருந்து சேரி இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் கூடுதல் இழப்பு ஒரு டெசிபலைத் தொடாது. ஒளிக்கு ஊரும் தெரியாது, சேரியும் தெரியாது. தொழில்நுட்பத்தின் பெயரால் சொல்லப்படும் சாக்கு இந்த இடத்தில் உடைந்துபோகிறது.

பிறகு ஏன் வரவில்லை? ஸ்பிளிட்டர் பெட்டி எங்கே மாட்டப்படுகிறது என்பதில் பாதி விடை இருக்கிறது. பெட்டி ஊர்த் தெருவில் இருந்தால் சேரியின் ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாக ஒரு கிலோமீட்டர் கேபிள் இழுக்க வேண்டும். கேபிள் நடத்துபவர் கணக்குப் போட்டு, “கட்டுப்படியாகாது, நாலு பேர் கேட்டால் போதாது” என்கிறார். அவர் கணக்கு அந்த இடத்தில் சரிதான். பெட்டியையே சேரிக்குள் மாட்டினால் ஒற்றை இழை வந்தால் போதும். அங்கிருந்து வீடுகளுக்கு ஐம்பது, நூறு மீட்டர்தான். செலவு யாருக்கு அதிகம், யாருக்குக் குறைவு என்பதைப் பெட்டியின் இடம் தீர்மானிக்கிறது. மேல்நிலைத் தொட்டியை எங்கே கட்டுவது, பேருந்து எங்கே திரும்புவது, ரேஷன் கடையை எங்கே வைப்பது என்ற முடிவுகளைப் போன்றதே இதுவும். காகிதத்தில் அது பொறியாளரின் முடிவு. நடப்பில் ஊரின் முடிவு.

மற்றப் பாதி விடை திட்டத்தின் அலகில் இருக்கிறது. தேசிய கண்ணாடி இழை வலையமைப்புத் திட்டத்துக்கு ஒன்றிய அமைச்சரவை 2011 அக்டோபரில் ஒப்புதல் தந்தது. பின்னர் அது பாரத்நெட் ஆனது. நாட்டின் இரண்டரை லட்சம் ஊராட்சிகளை இணைப்பது இலக்கு. தமிழகத்தில் டான்பிநெட் நிறுவனத்தின் வழியாக 12,525 ஊராட்சிகளை இணைக்க வேண்டும். விழுப்புரம் மாவட்டத்தில் மட்டும் 688 ஊராட்சிகள். ஆனால் 12,525 ஊராட்சிகளுக்குள் 79 ஆயிரத்துக்கும் மேற்பட்ட குக்கிராமங்களும் குடியிருப்புகளும் இருக்கின்றன. ஊராட்சியை எண்ணினால் 12,525-இல் வேலை முடிந்துவிடும். குடியிருப்பை எண்ணினால் வேலை அப்போதுதான் தொடங்கும்.

2023 ஆகஸ்டில் 1.39 லட்சம் கோடி ரூபாயில் திருத்தப்பட்ட பாரத்நெட் திட்டம் வந்தது. பழைய திட்டத்தில் கேபிள் ஒரே கோடாகப் போகும். நடுவில் எங்கே அறுந்தாலும் அதற்கப்பால் எல்லாம் இருள். புதிய திட்டத்தில் ஊராட்சிகளை வளையமாக இணைக்கிறார்கள். ஒரு பக்கம் அறுந்தால் மறுபக்கமாக ஒளி வரும். நல்ல மாற்றம். ஊராட்சித் தலைமையிடம் அல்லாத சுமார் 3.8 லட்சம் கிராமங்களுக்கும் கோரிக்கையின் பேரில் இணைப்பு தரப்படும் என்றார்கள். அதுவும் நல்லதே. ஆனால் நம் சேரி வருவாய்ப் பதிவேட்டில் தனிக் கிராமம் அல்ல. அது ஊரின் பெயரிலேயே அடங்கியிருக்கிறது. குளத்துக்கும் கோயிலுக்கும் தனி, கணக்கெடுப்புக்கு மட்டும் ஒன்று. ஊரும் சேரியும் ஒன்றாக வாழும் ஒரே இடம் அந்தப் பதிவேடுதான். அதனால் புதிய திட்டத்தின் கிராமப் பட்டியலிலும் சேரிக்கென்று தனி வரி இல்லை. வளையம் ஊராட்சி அலுவலகத்தோடு நின்றுவிடும். அதற்குப் பிறகு பழைய ஒற்றைக் கோடுதான். கால்வாயில் தண்ணீர் விட்டாலும் கடைமடை காய்வது விவசாயிகளுக்குத் தெரியும். இங்கே கடைமடை எப்போதும் சேரியே.

அரசமைப்பு அவையில் 1948 நவம்பர் 4 அன்று அம்பேத்கர் வரைவை முன்வைத்துப் பேசியபோது, கிராமத்தை அலகாகக் கொள்ளாமல் தனிமனிதரை அலகாகக் கொண்டதை வரவேற்றார். கிராமத்தைப் போற்றிய பலருக்கு அது பிடிக்கவில்லை. கிராமம் என்று ஒன்றை எண்ணும்போது அதற்குள் யார் மறைந்துபோகிறார்கள் என்பதை அவர் அறிந்திருந்தார். முக்கால் நூற்றாண்டு கழித்தும் ஒரு கேபிள் திட்டம் அதே பிழையைச் செய்கிறது.

“எல்லார் கையிலும் செல்பேசி இருக்கிறதே, கேபிள் எதற்கு?” என்று கேட்பவர்கள் உண்டு. செல்பேசிக் கோபுரத்தின் அலைவரிசை அந்த வட்டாரத்தில் உள்ள அனைவருக்கும் பொது. மாலையில் எல்லோரும் எடுத்தால் வேகம் சரியும். கான்கிரீட் கூரை போட்ட தொகுப்பு வீட்டுக்குள் சிக்னல் இன்னும் குறையும். ஒரு நாளைக்கு ஒன்றரை, இரண்டு ஜிபி என்று அளந்து தரும் டேட்டாவில் அண்ணன் பார்த்தால் தங்கைக்கு மிஞ்சாது. 2020-இல் பள்ளிகள் மூடியபோது ஒரே செல்பேசியை மூன்று பிள்ளைகள் பகிர்ந்ததையும், அப்பா வேலைக்குப் போகும்போது வகுப்பும் அவர் சட்டைப்பையில் போய்விட்டதையும் கண்டோம். நீட், தேர்வாணையப் பயிற்சிகள் எல்லாம் மணிக்கணக்கில் ஓடும் காணொளிகள். அவை கேபிள் உள்ள வீட்டுப் பிள்ளைக்குச் சாதாரணம், ரீசார்ஜ் வீட்டுப் பிள்ளைக்குக் கணக்குப் பார்க்க வேண்டிய செலவு. இணையத்தைப் பயன்படுத்தும் உரிமை கல்வி உரிமையின் பகுதி என்று கேரள உயர்நீதிமன்றம் 2019 செப்டம்பரில் தீர்ப்பளித்திருக்கிறது. அந்த வழக்கைத் தொடுத்தவர் விடுதியில் தங்கிப் படித்த ஒரு மாணவி.

பணம் இல்லை என்று சொல்லவும் இடமில்லை. பாரத்நெட்டுக்கான பணம், தொலைத்தொடர்பு நிறுவனங்களின் வருவாயிலிருந்து பிடிக்கப்படும் நிதியிலிருந்து வருகிறது. இன்று அதன் பெயர் டிஜிட்டல் பாரத் நிதி. அந்த வருவாய் மக்கள் கட்டும் கட்டணம். சேரியில் போடும் ஒவ்வொரு ரீசார்ஜிலும் அந்த நிதிக்கு ஒரு துளி போகிறது. வாய்க்கால் வெட்டக் காசு கொடுத்தவர்களுக்குத்தான் தண்ணீர் இல்லை.

மாநில அரசிடமும் கருவிகள் இருக்கின்றன. ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டத்துக்கான சட்டத்தை 2024 ஜூனில் சட்டமன்றம் நிறைவேற்றியது. மக்கள்தொகை விகிதத்துக்கு ஏற்ப நிதி ஒதுக்க வேண்டும் என்பதே அதன் உயிர். 2011 கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் பட்டியல் சாதியினர் 20 விழுக்காடு. பிரிக்கப்படாத விழுப்புரத்தில் 29 விழுக்காட்டுக்கு மேல். சேரிகளின் அடிப்படை வசதிக்காக அயோத்திதாசப் பண்டிதர் பெயரில் ஐந்தாண்டுகளுக்கு 1,000 கோடி ரூபாய்த் திட்டம் 2023-இல் அறிவிக்கப்பட்டது. சாலை, விளக்கு, குடிநீர் அதில் வருகின்றன. கண்ணாடி இழையும் அடிப்படை வசதியாக அதில் சேர வேண்டும். 2025 ஏப்ரலில் அரசு ஆவணங்களிலிருந்து ‘காலனி’ என்ற சொல் நீக்கப்படும் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கிறோம். சொல் போனால் மட்டும் போதாது. அந்தச் சொல் குறித்த தூரமும் போக வேண்டும்.

ஆகவே கேட்க வேண்டியவை தெளிவானவை. ஒன்று, ஊராட்சி இணைக்கப்பட்டது என்ற கணக்கை மாற்றி, குடியிருப்பு வாரியாக எத்தனை வீடுகளுக்கு இணைப்பு கிடைக்கும் என்று மாவட்ட நிர்வாகம் பட்டியல் வெளியிட வேண்டும். இரண்டு, ஐம்பது வீடுகளுக்கு மேல் உள்ள ஒவ்வொரு சேரியிலும் ஸ்பிளிட்டர் பெட்டி சேரிக்குள்ளேயே அமைய வேண்டும். சிறு குடியிருப்புகளுக்கும் இருளர் குடியிருப்புகளுக்கும் ஓர் இழையாவது ஒதுக்க வேண்டும். மூன்று, சேரிப் பள்ளி, அங்கன்வாடி, சமுதாயக் கூடம், ஆதிதிராவிடர் நல விடுதி ஆகியவற்றுக்கு முதல் இணைப்பு. நான்கு, மின்கம்பத்தில் தொங்கும் கேபிள் புயலில் கம்பத்தோடு விழும். 2024 இறுதியில் ஃபெஞ்சல் புயல் இம்மாவட்டத்தைப் புரட்டிப்போட்டதை நினைத்துப் பாருங்கள். பழுது பார்ப்பதில் சேரி கடைசி என்ற வழக்கம் தொடராதபடி காலக்கெடு வேண்டும்.

ஐந்தாவது வேலைவாய்ப்பு. கேபிளுக்குக் குழி தோண்டும் கூலி நம் கையிலும், கேபிளின் வருமானம் வேறு கையிலும் இருப்பது பழைய கதை. வீடுகளுக்கு இணைப்புக் கொடுத்துப் பராமரிக்கும் பணியை உள்ளூர்த் தொழில்முனைவோருக்கு வருவாய்ப் பங்கோடு தரும் ஏற்பாடு பாரத்நெட்டில் இருக்கிறது. இழைகளை உருக்கி ஒட்டும் வேலையையும் அறுந்த இடத்தைக் கருவியால் கண்டுபிடிக்கும் வேலையையும் சில வாரப் பயிற்சியில் கற்கலாம். தாட்கோ அந்தப் பயிற்சியைத் தரட்டும். 35 விழுக்காடு மானியம் தரும் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் இதற்கான கருவிகளுக்குக் கடன் கிடைக்கட்டும். சேரிக்கு இணைப்புக் கொடுப்பவர் சேரிப் பிள்ளையாக இருந்தால் “கட்டுப்படியாகாது” என்ற சொல்லின் ஒலியே மாறிவிடும்.

கேரளம் 2023 ஜூனில் கே-ஃபோன் திட்டத்தைத் தொடங்கியபோது 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு என்று இலக்கு வைத்தது. முதல் கட்டத்தில் தொகுதிக்கு 100 குடும்பம் வீதம் 14,000 குடும்பங்கள்தான். வேகம் போதாது என்ற விமர்சனம் நியாயமானது. ஆனாலும் அங்கே எண்ணியது குடும்பத்தை. குடும்பத்தை எண்ணியதால்தான் எத்தனை குடும்பம் விடுபட்டது என்று கேட்க முடிகிறது. ஊராட்சியை எண்ணும் இடத்தில் அந்தக் கேள்வியைக் கேட்கவே எண் இல்லை.

ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. அடுத்த கூட்டத்தில் நம் இளைஞர்கள் ஒரே ஒரு தீர்மானத்தைக் கொண்டுசெல்லட்டும்: எங்கள் குடியிருப்பில் எத்தனை வீடு, அருகில் உள்ள ஸ்பிளிட்டர் பெட்டி எத்தனை மீட்டரில் இருக்கிறது, எந்தத் தேதிக்குள் அது எங்கள் தெருவுக்கு வரும் என்று எழுதிக் கேளுங்கள். தீர்மானத்தைப் பதிவேட்டில் எழுதும் வரை எழுந்திருக்காதீர்கள். நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.